திறக்காத கோப்பும் கும்பாபிஷேக மலரும்

கேள்வி: ஜார்ஜ்டவுன் லெபோ பசார் பக்கத்தில் மூன்று பேர் வேலை செய்யும் சிறிய வடிவமைப்புக் கடை நடத்துகிறேன். கல்யாண அழைப்பிதழ், தைப்பூசப் பேனர், கோயில் மலர் ஆகியவைதான் எங்கள் தொழில். ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலரை 160 பக்கங்களில் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒரே கோப்பாக அமைத்து, அதைப் பென்டிரைவிலேயே வைத்துக் கடைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய் வேலை செய்துவந்தோம். போன வாரம் இரவு, கடை அடைக்கும் அவசரத்தில் பென்டிரைவைப் பிடுங்கியதிலிருந்து மலர் திறக்கவில்லை. அட்டைக்கான ஃபோட்டோஷாப் கோப்பும், பழைய கோரல்ட்ரா பேனர் இரண்டும் அதேபோலத் திறக்கவில்லை. கணினிக் கடையில் 1,200 ரிங்கிட் கேட்கிறார்கள், உத்தரவாதம் இல்லை என்றும் சொல்கிறார்கள். மீட்க முடியுமா? ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’ என்று நிரம்பிக் கிடக்கும் எங்கள் கணினியை எப்படி ஒழுங்குபடுத்துவது? பழைய கல்யாண வேலைகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? — ஒரு வாசகி, பினாங்கு.

அன்புள்ள சகோதரிக்கு,

மீட்பது எப்படி, ஒழுங்காக வைப்பது எப்படி என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அச்சுக்கு முந்தைய பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் இரண்டையும் ஒரே கேள்வியாகத்தான் பார்க்கிறேன். 160 பக்க மலர் பார்வைக்கு ஒரு கோப்பாகத் தெரிந்தாலும், தட்டச்சு செய்த வாசகம், படங்கள், எழுத்துருக்கள், பக்க அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்த வேலை அது. கெட்டுப்போன கோப்பிலிருந்து நான்கையும் ஒருசேர இழுத்தெடுக்க முயல்பவர்கள் பெரும்பாலும் நாள்களை வீணாக்குகிறார்கள். எது வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது, எதை மட்டும் இந்தக் கோப்பிலிருந்து எடுத்தாக வேண்டும் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வாழ்த்துரைகள் மின்னஞ்சலில் வந்திருக்கும், படங்கள் யாருடைய கைப்பேசியிலோ முழு அளவில் இருக்கும், மெய்ப்புப் பார்க்க அனுப்பிய பிடிஎஃப் கோயில் செயலாளரின் வாட்ஸ்அப்பில் கிடக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பியது அப்படியே இருக்கும். ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே கோயில் செயலாளரையும் அச்சகத்தையும் தொலைபேசியில் அழைத்து, உங்களிடமிருந்து கடைசியாக வந்த பிடிஎஃப்பை அழிக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தப் பென்டிரைவில் இனி எதையும் எழுதாதீர்கள். கணினியில் செருகியவுடன் இந்த டிரைவில் சிக்கல் இருக்கிறது, சோதித்துச் சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். அதற்குச் சம்மதிக்காதீர்கள். எந்தக் கோப்பு டிரைவில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணையைச் சீராக்குவதற்காக உருவானது அந்தக் கருவி. உங்கள் மலரைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. அட்டவணையோடு பொருந்தாத துண்டுகளை அது வெட்டி வேறு பெயரில் ஒதுக்கிவிடும், அதன் பிறகு நாம் தேடிப் பிடிப்பது இரட்டிப்புக் கடினமாகும். பென்டிரைவ் முழுவதையும், காலி இடம் உட்பட, அப்படியே ஒரே பிம்பக் கோப்பாகக் கணினியின் வன்தட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு இலவச மென்பொருள்கள் உண்டு; லினக்ஸ் பழக்கமுள்ள தம்பி யாராவது இருந்தால் டிடிரெஸ்கியூ என்ற கருவியைக் கேட்டாலே புரிந்துகொள்வார். மேற்கொண்டு செய்யும் சோதனைகளையெல்லாம் அந்தப் பிம்பத்தின் மீதும், கெட்ட கோப்புகளின் நகல்களின் மீதும் செய்யுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். கெட்டுப்போன கோப்பின் நகலை எடுத்து, விண்டோஸிலேயே வலது பொத்தானை அழுத்தி ஸிப் கோப்பாகச் சுருக்குங்கள். 300 மெகாபைட் உள்ள கோப்பு சுருக்கிய பிறகு 200 மெகாபைட்டோ 80 மெகாபைட்டோ ஆனால் உள்ளே ஏதோ சரக்கு இருக்கிறது என்று பொருள். அதுவே 300 கிலோபைட் அளவுக்குச் சுருங்கிப்போனால் அந்தக் கோப்பு வெறும் பூஜ்யங்களால் நிரம்பியிருக்கிறது. பென்டிரைவைப் பிடுங்கும்போதும் மின்சாரம் போகும்போதும் இது அடிக்கடி நேர்கிறது. கோப்பின் பெயரும் அளவும் அட்டவணையில் பதிவாகிவிடும், ஆனால் உள்ளடக்கம் நினைவகத்திலிருந்து டிரைவுக்கு வந்து சேர்ந்திருக்காது. அளவு சரியாகத் தெரிவதால் எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள். பூஜ்யங்களால் நிரம்பிய நகலை எந்த மென்பொருளும், எந்த நிபுணரும், எத்தனை ரிங்கிட் கொடுத்தாலும் சரிசெய்ய முடியாது, ஏனெனில் சரிசெய்ய அங்கே ஒன்றுமே இல்லை. ஹெச்எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தாலும் இதே உண்மை கண்ணுக்குத் தெரியும்: நல்ல ஃபோட்டோஷாப் கோப்பின் தொடக்கத்தில் ‘8பிபிஎஸ்’ என்ற நான்கு குறிகள் ரோமன் எழுத்தில் நிற்கும், பூஜ்யக் கோப்பில் பக்கம் பக்கமாகச் சுழிகள்தான் ஓடும். பாதி வரை சரக்கும் பிறகு சுழியுமாக இருக்கும் கோப்புகளும் உண்டு, அவற்றுக்கு நம்பிக்கை இருக்கிறது.

பூஜ்யமாகிவிட்டது என்றால் அந்த நகலைத்தான் கைவிட வேண்டும், வேலையையே அல்ல. ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள்கள் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை; பெரும்பாலும் புதிதாக ஒன்றை எழுதி முடித்துவிட்டுப் பழையதை நீக்குகின்றன. நீக்கப்பட்டது என்று அட்டவணை சொன்னாலும், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பழைய உள்ளடக்கம் பென்டிரைவில் கிடக்கும். முந்தைய அட்டையோ மலரின் பழைய பிரதியோ அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அட்டவணையைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு வகைக் கோப்பும் எந்தக் குறிகளோடு தொடங்கும் என்பதை வைத்து டிரைவை முழுதும் துழாவும். பெயர்கள் திரும்பி வரமாட்டா; வரிசை எண்களோடு நூற்றுக்கணக்கான கோப்புகள் கொட்டும், அவற்றை அளவையும் வகையையும் வைத்துப் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். டிரைவில் துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்டிருந்த பெரிய கோப்புகள் முழுதாக வராமல் போகலாம். மீட்டதை அதே பென்டிரைவில் சேமிக்கக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் யாராவது செய்துவிடுகிறார்கள். கணினியின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி வன்தட்டில் இந்த வழி பெரும்பாலும் எடுபடாது. நீக்கிய இடத்தை விண்டோஸ் உடனடியாக அதற்குத் தெரிவித்துவிடுவதால் அது தானாகவே துடைத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் பென்டிரைவில் கெட்டது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

அட்டைக்கான ஃபோட்டோஷாப் கோப்புக்கு வருகிறேன். பிஎஸ்டி எனப்படும் அந்தக் கோப்பின் உள்ளமைப்பு ஒரு புத்தகத்தைப் போல வரிசைப்பட்டது. முகப்பில் அளவும் வண்ண முறையும், அடுத்துச் சிறு முன்னோட்டப் படமும் வேறு குறிப்புகளும், நடுவில் லேயர்கள் எனப்படும் தனித்தனிப் பட அடுக்குகள், கடைசியில் எல்லா லேயர்களையும் ஒன்றாக்கிய முழுப்படம் என்று அது அமைந்திருக்கும். எந்தப் பகுதி கெட்டது என்பதைப் பொறுத்து மருந்து மாறும். வால் அறுந்த கோப்பில் லேயர்கள் நடுவில் இருப்பதால் தப்பியிருக்கலாம். ஃபோட்டோஷாப் ஒரேயடியாக மறுத்தாலும் ஜிம்ப், கிருத்தா, ஃபோட்டோபீ, அஃபினிட்டி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று, கிடைத்த லேயர்களைத் திறந்துகாட்டக்கூடும். ஒவ்வொன்றும் கோப்பைப் படிக்கும் விதம் வேறு என்பதால் நான்கையும் முயன்று பாருங்கள். மாறாக, லேயர் பகுதியில் ஓரிடம் சிதைந்து, வால் நன்றாக இருந்தால், ஃபோட்டோஷாப்பின் திறக்கும் பெட்டியில் ஆல்ட், ஷிஃப்ட் விசைகளை அழுத்திக்கொண்டே திறக்கும் பொத்தானை அழுத்துங்கள்; லேயர்களை விட்டுவிட்டு ஒன்றாக்கிய படத்தை மட்டும் படிக்கட்டுமா என்று அது கேட்கும். லேயர் போனாலும் அச்சுக்குப் போகும் தரத்தில் அட்டை கிடைத்துவிடும். இது நடக்க வேண்டுமானால் சேமிக்கும்போது ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்ற தேர்வு இயங்கியிருக்க வேண்டும். கோப்பின் எடையைக் குறைக்கிறேன் என்று பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். எடை கூடினாலும் பரவாயில்லை, இன்றே அதை இயக்கிவையுங்கள்.

மலரின் இன்டிசைன் கோப்புதான் உங்கள் கவலையின் மையம். ஃபோட்டோஷாப்பைப் போல் திறக்கும்போது ஒருமுறை, சேமிக்கும்போது ஒருமுறை என்று இன்டிசைன் டிரைவைத் தொடுவதில்லை. வேலை நடக்கும் நேரம் முழுவதும் கோப்பைப் பிடித்துக்கொண்டே, பக்கம் திருப்பத் திருப்ப அதிலிருந்து படித்துக்கொண்டே இருக்கும். ஆகவே மலர் திறந்திருக்கும்போது பென்டிரைவைப் பிடுங்குவது, நீங்கள் எதையும் சேமிக்காமல் இருந்தாலும் ஆபத்தானது. ஆனால் இன்டிசைன் தன் மீட்புத் தரவைப் பென்டிரைவில் வைப்பதில்லை, கணினியின் உள் வன்தட்டில் ‘இன்டிசைன் ரிக்கவரி’ என்ற கோப்புறையில் வைக்கிறது. கடைக் கணினி, வீட்டுக் கணினி இரண்டிலும் பயனர் கணக்கின் ஆப்டேட்டா பகுதியில் அதைத் தேடி, இன்டிசைனை மறுபடி இயக்குவதற்கு முன்பே நகலெடுத்துவிடுங்கள். இயக்கியவுடன் மீட்கவா வேண்டாமா என்று அது கேட்கும்போது கைதவறி வேண்டாம் என்றால் அந்தத் தரவு அழிந்துபோகும்.

மீட்புத் தரவோ ஃபோட்டோரெக் கொடுத்த பழைய பிரதியோ அரைகுறையாகத் திறந்தால், அந்த நிமிடமே செய்ய வேண்டியது ஐடிஎம்எல் வடிவத்தில் ஏற்றுமதி. ஐடிஎம்எல் என்பது ஆவணத்தை எழுத்து வடிவ விவரங்களாக்கிக் கட்டிவைக்கும் பொதி. அதைத் திறக்கும்போது இன்டிசைன் ஆவணத்தை அடியிலிருந்து புதிதாகக் கட்டுவதால், கோப்புக்குள் தேங்கியிருந்த சிறு கோளாறுகள் கழிந்துவிடுகின்றன. ஏற்றுமதியின் நடுவிலேயே மென்பொருள் விழுந்துவிட்டால், பக்கங்களைப் பாதி பாதியாக வேறு புதிய ஆவணத்துக்கு நகர்த்துங்கள். 1 முதல் 80 வரை நன்றாகப் போய், 81 முதல் 160 வரை விழுந்தால், பின்பாதியை மீண்டும் இரண்டாக்குங்கள். ஏழெட்டு முறைக்குள் குற்றவாளிப் பக்கம் தெரிந்துவிடும். அனேகமாக அங்கே கெட்டுப்போன ஒரு விளம்பரப் படமோ ஒழுங்கற்ற ஓர் எழுத்துருவோ இருக்கும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிடிஎஃப்பைப் பார்த்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். கோப்பு உங்கள் பதிப்பில் திறக்கவே இல்லையென்றால் புதிய பதிப்பில் ஒருமுறை முயலுங்கள். அடோபி 7 நாள் இலவச முன்னோட்டம் தருகிறது.

கோரல்ட்ராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேமிக்கும் ஒவ்வொரு முறையும் முந்தைய பிரதியை ‘பேக்கப் ஆஃப்’ என்று தொடங்கும் பெயரில் வைக்கும் வழக்கம் அதற்கு உண்டு. அந்தத் தேர்வை யாரும் அணைக்காமல் இருந்திருந்தால், அதே கோப்புறையில் தேடினால் பாதி நேரம் வேலை முடிந்துவிடும். எக்ஸ்4 பதிப்பிலிருந்து சிடிஆர் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதிதான். நகலின் பின்னொட்டை ஸிப் என்று மாற்றி, செவன்ஸிப் போன்ற மென்பொருளால் பிரித்துப் பாருங்கள். குறைந்தது உள்ளே இருக்கும் சிறு முன்னோட்டப் படமாவது கிடைக்கும். பேனரை மறுபடி வரையும்போது எந்த வாசகம் எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

1,200 ரிங்கிட் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். பென்டிரைவைச் செருகினால் கணினி அதை அடையாளம் காணவே இல்லை, உடைந்துவிட்டது, சிப்பைக் கழற்றித் தனிக்கருவியில் படிக்க வேண்டும் என்றால் அந்தத் தொகை அநியாயம் அல்ல. உங்கள் பென்டிரைவோ திறக்கிறது, கோப்புப் பெயர்களும் தெரிகின்றன. இந்த நிலையில் கடைக்காரர் செய்யப்போவது பெரும்பாலும் மேலே சொன்ன மென்பொருள் துழாவல்தான். ஒன்றும் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, பணம் கொடுப்பதற்கு முன் மீண்ட பக்கங்களைத் திரையில் காட்டுவார்களா என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். கெட்ட கோப்பை ஏற்றினால் நல்ல கோப்பைத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இணையதளங்களில் மலரை ஏற்றாதீர்கள். அதில் நன்கொடையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன, அவை யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

எல்லா வழியும் அடைபட்டு, கையில் பிடிஎஃப் மட்டும் மிஞ்சினால் என்ன செய்வது? திருத்தம் இல்லாத பக்கங்களைப் பிடிஎஃப்பாகவே புதிய இன்டிசைன் ஆவணத்தில் வைத்து அச்சுக்கு அனுப்பிவிடலாம்; யாருக்கும் வேறுபாடு தெரியாது. திருத்தம் உள்ள பக்கங்களில்தான் தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று வரும். பிடிஎஃப்பிலிருந்து தமிழ் வாசகத்தை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் துணைக்காலும் இடம்மாறி, ‘கோயில்’ என்பதில் கொம்பு ஒரு பக்கமும் ககரம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். பிடிஎஃப் எழுத்தின் உருவத்தைத்தான் உண்மையாகப் பாதுகாக்கிறது, அதன் பின்னால் இருந்த யூனிகோட் வரிசையைப் பல நேரம் இழந்துவிடுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைத்த பக்கமாக இருந்தால் ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். பயந்துவிடாதீர்கள், அது கெட்டுப்போனது அல்ல. அதே எழுத்துருவைப் பூசினால் தமிழ் திரும்பிவிடும், அல்லது யூனிகோட் மாற்றிகளில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். யூனிகோட் பிடிஎஃப்பிலிருந்து இடம்மாறி வந்த வாசகத்தைத் திருத்துவதைவிட மறுபடி தட்டச்சு செய்வது பல நேரம் விரைவானது.

இனி ஒழுங்குக்கு வருவோம். ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: பென்டிரைவிலிருந்து நேரடியாக எதையும் திறக்காதீர்கள். காலையில் கணினியின் உள் வன்தட்டுக்கு நகலெடுத்து, அங்கே வேலை செய்து, மென்பொருளை மூடிய பிறகு மாலையில் திரும்ப நகலெடுங்கள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல் பென்டிரைவை முறைப்படி வெளியேற்றாமல் உருவினாலும் பாதிப்பு குறையும்படி அமைப்பை மாற்றியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். அதை நம்பித்தான் பலர் பிடுங்குகிறார்கள். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் பிடுங்கினால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. ஃபோட்டோஷாப் சிஎஸ்6 முதல் பின்னணியில் சேமிக்கிறது. சேமிக்கும் விசையை அழுத்தியதும் திரை உங்கள் வசம் வந்துவிடும், நீங்கள் முடிந்துவிட்டது என்று எண்ணுவீர்கள், சன்னலின் அடியில் சிறு எழுத்தில் அப்போதுதான் நாற்பது விழுக்காடு என்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த வரியைப் பார்க்கும்படி உங்கள் பணியாளர்கள் இருவரையும் பழக்குங்கள். மாலை மழையில் மின்சாரம் கண் சிமிட்டுவது நம் ஊரில் புதிதல்ல என்பதால் மேசைக் கணினிக்கு, மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்கும் ஒரு யுபிஎஸ்ஸும் தேவை.

கோப்பு பெரிதாக ஆக, சேமிக்கும் நேரம் நீளும். நேரம் நீள நீள, நடுவில் ஏதாவது நேரும் வாய்ப்பும் கூடும். தைப்பூசப் பேனரை எடுத்துக்கொள்ளுங்கள். 20 அடிக்கு 10 அடிப் பேனரை அழைப்பிதழ் பழக்கத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று திறந்தால் 72,000க்கு 36,000 புள்ளிகள் ஆகும். பிஎஸ்டி வடிவத்தின் எல்லையே பக்கத்துக்கு 30,000 புள்ளியும் 2 கிகாபைட்டும்தான். அதற்கு மேல், பெரிய கோப்புகளுக்கான பிஎஸ்பி வடிவத்துக்குப் போக வேண்டும். நான்கு வண்ணத்தில் அந்தப் பேனரின் ஒரே ஒரு முழு லேயர், சுருக்காத நிலையில், 10 கிகாபைட்டைத் தாண்டும். அதையே 72 புள்ளியில் அமைத்தால் 17,280க்கு 8,640 புள்ளி, லேயருக்கு 600 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஜாலான் கெபுன் பூங்கா சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தலுக்கு மேலே தொங்கும் பேனரை மூக்கை ஒட்டிவைத்து யாரும் பார்ப்பதில்லை. முருகன் படத்தை மட்டும் ஃபோட்டோஷாப்பில் வைத்துக்கொண்டு, எழுத்துகளையும் விளம்பரதாரர் சின்னங்களையும் கோரல்ட்ராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ வைத்தால் எடை இன்னும் குறையும்.

மலருக்கும் இதே நியாயம்தான். 160 பக்கத்தை ஒரே கோப்பாக வைக்காமல் வாழ்த்துரைகள், தல வரலாறு, திருப்பணிப் படங்கள், நன்கொடையாளர் பட்டியல், விளம்பரங்கள் என்று ஐந்தாறு ஆவணங்களாகப் பிரித்து, இன்டிசைனின் ‘புக்’ வசதியால் கோத்துவிடுங்கள். பக்க எண்கள் தானாகத் தொடரும், மூவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பகுதியில் வேலை செய்யலாம், ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். படங்களை ஒட்டாமல், ‘பிளேஸ்’ கட்டளையால் இணைப்பாக வையுங்கள். கோப்பு கெட்டாலும் படங்கள் வெளியே நலமாக இருக்கும். வாசகத்தை இன்டிசைனுக்குள்ளேயே தட்டச்சு செய்யாதீர்கள். யூனிகோடில் வேர்டு கோப்பாக வைத்துக்கொண்டு உள்ளே கொண்டுவாருங்கள், மெய்ப்புத் திருத்தங்களை அதிலும் ஏற்றிவிடுங்கள். இரட்டை வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொம்பும் துணைக்காலும் பிரிந்து நின்ற பிடிஎஃப்பை ஒருமுறை திருத்திப் பார்த்தவர்கள் இந்த இரட்டை வேலையைப் பற்றிக் குறைசொல்வதில்லை.

பெயர்களைப் பொறுத்தவரை, ‘ஃபைனல்’ என்ற சொல்லையே கடையில் தடை செய்துவிடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியும், வேலையின் சுருக்கப் பெயரும், பதிப்பு எண்ணும் போதும்; கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிக்காட்டும். ஒவ்வொரு நாள் காலையிலும், பெரிய மாற்றம் எதற்கும் முன்பும், அடுத்த எண்ணில் ‘சேவ் அஸ்’ செய்யுங்கள். இன்டிசைனில் சாதாரணமாகச் சேமித்துக்கொண்டே போனால் கோப்பு வீங்கும், ‘சேவ் அஸ்’ செய்தால் இளைக்கும் என்பது கூடுதல் நன்மை. வாரம் ஒருமுறை ஐடிஎம்எல் பிரதி ஒன்றும் எடுத்துவையுங்கள். தமிழ்மீது எனக்குள்ள பற்று வேறு, ஆனால் கோப்புப் பெயரை ரோமன் எழுத்தில் வைக்கும்படிதான் சொல்வேன். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளைப் பழைய மேக் கணினிகள் இரண்டு துண்டாகப் பிரித்துப் பதிவுசெய்தன. விண்டோஸ் அப்படிச் செய்வதில்லை. கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரியும் படம் இன்டிசைனுக்கு வேறு படமாகத் தெரிந்து இணைப்பு அறுந்துபோகும். பழைய ஸிப் மென்பொருள்களிலும் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக மாறிவிடுவதுண்டு.

எழுத்துருவை மறந்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் இன்டிசைனின் ‘பேக்கேஜ்’ கட்டளையால் ஆவணம், படம், எழுத்துரு மூன்றையும் ஒரே கோப்புறைக்குள் திரட்டி, பிறகு எழுத்துருக் கோப்புறையைத் திறந்து உங்கள் தமிழ் எழுத்துரு உண்மையிலேயே உள்ளே வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சில எழுத்துருக்களைப் பேக்கேஜ் நகலெடுப்பதில்லை. டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. பழைய மலர்களை அந்த வகையில் அமைத்திருந்தால், புதிய பதிப்பில் கோப்பு நலமாகத் திறந்தும் எழுத்து வராது. பழைய பதிப்பு இன்னும் இயங்கும் கணினி ஒன்று உங்களிடம் இருந்தால், அதை விற்பதற்கு முன் அந்த மலர்களையெல்லாம் எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப்பாக எடுத்துவிடுங்கள்.

நகல்கள் மூன்று வேண்டும், அவற்றில் ஒன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும். கணினியில் ஒன்று, மாலையில் செருகி நகலெடுத்ததும் கழற்றிவிடும் வெளி வன்தட்டில் ஒன்று, வீட்டிலோ மேகக் கணக்கிலோ ஒன்று. வெளி வன்தட்டை எப்போதும் செருகியே வைத்தால் பணம் பறிக்கும் நச்சுநிரல் புகும் நாளில் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். கூகுள் டிரைவ் போன்றவற்றின் ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று எண்ண வேண்டாம். நீங்கள் கெடுத்த கோப்பை அதுவும் விசுவாசமாகக் கெட்ட கோப்பாகவே மேலே ஏற்றிவிடும். ஆனால் அதன் பழைய பதிப்புகளை 30 நாளோ 100 பதிப்போ வரை அது வைத்திருக்கும் என்பதால், கெட்டது தெரிந்தவுடன் பதிப்பு வரலாற்றைத் திறந்து பார்த்தால் பிழைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை வெளி வன்தட்டிலிருந்து ஏதாவது ஒரு பழைய வேலையை எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத நகலை நகல் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

கல்யாண வேலைகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. அழைப்பிதழ் அச்சான பிறகு அதே குடும்பம் வளைகாப்புக்கோ புதுமனைப் புகுவிழாவுக்கோ வரும்போது பழைய வடிவத்தைக் கேட்பது உண்டு என்பதால் லேயர் உள்ள கோப்பை ஓராண்டு வைத்திருங்கள், பிறகு அச்சுத்தர பிடிஎஃப் மட்டும் போதும். பேனர்கள் அப்படியல்ல, அடுத்த தைப்பூசத்துக்கு ஆண்டையும் விளம்பரதாரரையும் மாற்றி அதையேதான் கேட்பார்கள், ஆகவே அவற்றை முழுதாக வையுங்கள். கோயில் மலரை எந்நாளும் அழிக்காதீர்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த கும்பாபிஷேகத்தின்போது அதைத் தேடி வருவார்கள். ஆனால் நன்கொடையாளர்களின் முகவரி, அடையாள அட்டை எண், தொலைபேசி எண் கொண்ட எக்ஸெல் பட்டியலை மலரோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டாம். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தேவை முடிந்த பிறகு அத்தகைய விவரங்களை வைத்திருக்கக் கூடாது. மலர் வெளியானதும் பட்டியலைக் கோயில் நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு, கடைக் கணினியிலிருந்தும் வெளி வன்தட்டிலிருந்தும் மேகக் கணக்கிலிருந்தும் நீக்கிவிடுங்கள். மீட்பு வேலை முடிந்த பிறகு அந்தப் பென்டிரைவிலும், அதிலிருந்து எடுத்த பிம்பக் கோப்பிலும் அதே பட்டியல் கிடக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.